பச்சை நூல் செருப்பு

மயிலாப்பூர்,
24 ஜூலை 2024

அன்புள்ள ஜுவேரியா அக்கா,

நலம். தொண்டை மட்டும் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. காலையில் பால்காரரிடம் பேசினாலே கரகரக்கிறது. உங்களுக்கு எப்படி? தூக்கம் வருகிறதா?

நான் அனுப்ரியா. மௌன முகாமில், பெண்கள் பக்கம், முப்பத்தொன்றாம் எண் இருக்கை. பத்தாம் நாள் காலை, இனிப் பேசலாம் என்று அறிவித்ததும் ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். அக்கா என்று எழுதலாமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே எழுதிவிட்டேன்.

போன்கள் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருந்தன. உங்கள் புது எண் உங்களுக்கு மனப்பாடமில்லை. பென்சில் இரவல் வாங்கி விலாசம் எழுதிக் கொடுத்தீர்கள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதுவே நல்லது என்று பட்டது. போனில் எழுதினால் டிக் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தபால்பெட்டியில் போட்டால் போட்டதுதான்.

அன்று அழுததில் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

யாரோடும் பேசக் கூடாது, சைகை கூடாது, முகம் பார்க்கக் கூடாது. நான் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ரகம். பத்து நாளும் தரையைப் பார்த்தே நடந்தேன். எனக்கு அங்கே யார் முகமும் தெரியாது. கால்தான், செருப்புதான். வெள்ளை ரப்பர் செருப்பு, இருமுகிறவர். தங்க பக்கிள், சாப்பாட்டு வரிசையில் முந்துகிறவர். வார் அறுந்து பச்சை நூலால் தைத்த பழுப்புத் தோல் செருப்பு, நீங்கள்.

ஆறாம் நாள் மதியம் நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கிளம்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என் அறையில் இருந்த இன்னொரு பெண் நான்காம் நாளே போய்விட்டார். ஜன்னலின் மேல்பாதி அடைப்பு, கீழ்ப்பாதியில் மண்தரை மட்டும் தெரியும். திடீரென்று மழை. கொடியில் என் துணிகள். எழுந்து போகத் தோன்றவில்லை. நனையட்டும். அப்போது ஜன்னல் வழியே பார்த்தேன். பச்சை நூல் செருப்பு ஓடி வந்தது. கொடிக்குக் கீழே நின்றது. நான் திரும்பிக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்தேன்.

அரைமணி கழித்துக் கதவைத் திறந்தால் வாசல் ஸ்டூலில் என் துணிகள். மடித்து வைத்திருந்தது. துண்டு மேலே, சுடிதாரின் கைகள் உள்பக்கம் மடக்கி. நான் துணிக்கடைக்காரர் மகள். மடிப்பைப் பார்த்தால் கை தெரியும். அது கடை மடிப்பு இல்லை. வீட்டு மடிப்பு.

பையை அவிழ்த்துவிட்டேன்.

பதில் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அனுப்ரியா


சிந்தாதிரிப்பேட்டை,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அனுப்ரியா,

சலாம். சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க துஆ. பறக்கும் ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷன் நீங்கள். கடிதம் வந்து சேர ஆறு நாள்.

அக்கா என்றே எழுதுங்கள். என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

துணி விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைப் பற்றி. முப்பத்து நான்கு வயது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். அத்தா நான் கல்லூரியில் படித்தபோதே போய்விட்டார். அண்ணன் நதீம் மஸ்கட்டில். அம்மா, அம்மி என்போம், இந்த பிப்ரவரியில் மவுத்தானார். மூன்று வருஷம் படுக்கை. கடைசி ஆறு மாதம் என்னை நர்ஸ் என்று நினைத்திருந்தார். சாயங்காலமானால், "உங்க வீட்ல தேட மாட்டாங்களா? கெளம்பும்மா" என்பார். நான் சரி என்று சொல்லி, வெளியே போய் நின்றுவிட்டு, மறுபடி உள்ளே வருவேன்.

முகாமுக்குப் போனதில் ஜமீலுன்னிசா காலாவுக்குக் கோபம். அம்மியின் தங்கை. "ஊமைங்க கூட்டத்துல பத்து நாளு உக்காந்துட்டு வந்தியாமே. வீட்ல நாலு செவுரு இல்லையா, அதப் பாத்து உக்காறதுக்கு?" என்றார். சிரித்து வைத்தேன்.

வீட்டில் அம்மியின் கட்டில் அப்படியே இருக்கிறது. உங்கள் கடிதத்தை அதில் உட்கார்ந்துதான் படித்தேன்.

மழைக்காலம் வருகிறது. காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துஆவுடன்,
ஜுவேரியா


மயிலாப்பூர்,
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. சௌக்கியம். அம்மியைப் பற்றிய வரிகளை இரண்டு முறை படித்தேன்.

என்னை நீ என்றே எழுதுங்கள். இருபத்தொன்பதுதான் ஆகிறது.

அடையாறில் ஒரு பதிப்பகத்தில் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறேன். மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டு மாடியில் ஒற்றை அறை. மாமிக்கும் முகாம் பற்றி அபிப்பிராயம் உண்டு. "ஏண்டிமா, வாயைத் திறக்காம இருக்கறதுக்கு அவ்ளோ தூரம் போவாளோ? இந்த ஆத்துல நீ எப்பவும் அப்படித்தானே இருக்கே!" உங்கள் காலாவையும் எங்கள் மாமியையும் ஒரே அறையில் பத்து நாள் பேசவிடாமல் உட்கார வைக்க வேண்டும்.

ஆறாம் நாள் ஏன் பை கட்டினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது உங்கள் குணம் என்று எடுத்துக்கொள்கிறேன். நானே சொல்கிறேன்.

முத்துகிருஷ்ணன் என் கணவர். ஒரு வருஷமாகத் தனித்தனியாக இருக்கிறோம். சண்டை எதுவும் இல்லை. அதனாலேயே யாரும் சமாதானம் செய்துவைக்க வரவில்லை. மூன்று வருஷக் கல்யாணத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை எண்ணிவிடலாம். பெரும்பாலும் சாவி எங்கே. வீட்டில் நான் இருப்பது ஒரு பீரோ இருப்பது மாதிரி. கெட்டவர் இல்லை. பிரிவதற்கு மனு தயார் செய்து அனுப்பியிருந்தார். எனக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

ஆறாம் நாள், ஆபீஸில் போனைக் கேட்டு வாங்கி அவரைக் கூப்பிடப் போகிறேன் என்று முடிவு செய்தேன். தப்பெல்லாம் என்னுடையது, திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்ல. பீரோவாகவே இருந்துவிடுகிறேன். தனியாக இருப்பதைவிட அது மேல்.

அப்புறம் அந்த ஸ்டூல். முகம் தெரியாத ஒருவருக்கு நான் கொடியில் தெரிந்திருக்கிறேன். என் துணி நனையும் என்று தோன்றியிருக்கிறது. அது நடக்கிற ஓர் உலகத்தில் நான் ஏன் போனைக் கேட்க வேண்டும்?

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதினீர்கள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது அக்கா?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
அனு


சிந்தாதிரிப்பேட்டை,
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அனு,

சலாம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை. நீ நலமா?

உன் கடிதத்தை வேலைக்கும் எடுத்துப் போனேன். மதிய இடைவேளையில் வெளியே எடுப்பேன், படிக்காமலே உள்ளே வைப்பேன்.

என் வேலை இப்படி. அளவு பார்க்கிற ஒரு கேஜில் ஸ்பிரிங்கை நுழைத்துப் பார்க்க வேண்டும். கேஜுக்கு இரண்டு முனை. ஒன்றில் நுழைய வேண்டும், இன்னொன்றில் நுழையக் கூடாது. ஒரு நாளைக்கு எண்ணூறு. ஒன்று தவறி நல்லதோடு சேர்ந்துவிட்டால் யாருக்கும் உடனே தெரியாது. எங்கோ ஒரு வண்டியில், பல மாதம் கழித்து உடையும். முதல் வருஷம் எனக்கு அந்தக் கனவு வரும். இப்போது மறுபடி வருகிறது.

வீட்டுக்குக் கீழே மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள், காயில், கட்டுகிற கடை. ஷாஹுல் ஹமீது என்று ஒரு பெரியவர், ஷாஹுல் பாய் என்பார்கள். கட்டிய காயிலை வார்னிஷில் முக்கிச் சூடுபண்ணுவார். அந்த வாடை மாடிக்கு வரும். அம்மிக்கு மூச்சுத் திணறுகிறது என்று இரண்டு வருஷம் முன்பு இறங்கிப் போய்க் கத்தினேன். தெருவே பார்த்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நானும்தான். இப்போது வாடை மட்டும் மேலே வருகிறது. கத்துவதற்குக் காரணம் இல்லை.

அனு, ஒன்று கேட்கிறேன். அந்த மழையைப் பற்றி இனிமேல் எழுதாதே.

துஆவுடன்,
ஜுவேரியா


மயிலாப்பூர்,
4 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சுகமே. உங்கள் கனவுகள் நின்றனவா?

மழையைப் பற்றி இனி எழுத மாட்டேன். இது கடைசி. உங்களால்தான் என்று தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை வக்கீல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான்கு இடத்தில். முத்துகிருஷ்ணன் பேனா கொடுத்தார், மூடியைக் கழற்றி. மூன்று வருஷத்தில் அவர் எனக்காகக் கழற்றிய முதல் மூடி. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பச்சை நூலை நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் பெயர் இசக்கிமுத்து, தி.நகரில் துணிக்கடை. வள்ளியூரிலிருந்து வந்து நாற்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. "ஏட்டி, போட்டுட்டியா? சரி. சாப்டியா? பொறவு பேசுதேன், கஸ்டமர் நிக்காங்க" என்றார். பிறகு பேசவில்லை. அம்மா போனைக் கையில் வாங்கவே இல்லை.

அறைக்கு வந்து விளக்கைப் போட்டேன். இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். நீங்கள் இருந்தீர்கள்.

நேரில் பார்க்கலாமா? பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. திருமயிலை ஸ்டேஷன், கீழே டிக்கெட் கவுன்டர் பக்கம். இட்லி சாப்பிடலாம். பேசாமல் வேண்டுமானாலும் இருக்கலாம், நமக்குத்தான் பழக்கமாயிற்றே.

வருவீர்கள்.

உங்கள்,
அனு


மயிலாப்பூர்,
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உடம்பு சரியில்லையா? அதுதான் முதல் கவலை.

ஏழு மணி வரை இருந்தேன். நான்கு ரயில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்து ஒன்பது பார்த்தேன். அந்த ஸ்டேஷன் எவ்வளவு பெரிது. அவ்வளவு கூரைக்கு அடியில் அவ்வளவு குறைவான ஆட்கள்.

கடிதம் உங்களுக்குக் கிடைக்காமலும் இருந்திருக்கலாம். அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நலம் தெரிவித்து ஒரு வரி போதும்.

அனு


சிந்தாதிரிப்பேட்டை,
2 அக்டோபர் 2024

அன்புள்ள அனுப்ரியா அவர்களுக்கு,

சலாம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

உங்கள் துணியை எடுத்து மடித்து வைத்தது நான் இல்லை.

கொடிக்கு ஓடி வந்தது நான்தான். நீங்கள் பார்த்த செருப்பு என்னுடையதுதான். என் துணி நான்கு. எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் வேறு ஒருவருடைய துணி. ஒரு துண்டு, ஒரு நீலச் சுடிதார், இன்னும் ஏதோ. கை எட்டும் தூரம். நனைய ஆரம்பித்திருந்தது. பார்த்தேன். விட்டுவிட்டு நடந்தேன். பிறகு யார் வந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஏன் என்று எழுதி மூன்று தாளைக் கிழித்தேன். இது நான்காவது. அம்மியின் உடுப்பு, விரிப்பு, ரப்பர் ஷீட். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை. துவைத்து, உலர்த்தி, மடித்து. மூன்று வருஷம். முகாமுக்கு எல்லோரும் எதையோ தேடி வந்திருந்தார்கள். நான் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்து வந்தேன். பத்து நாள் என் துணியை மட்டும் துவைப்பேன்.

பத்தாம் நாள் நீங்கள் ஓடி வந்தீர்கள். என்னைப் பார்த்துப் பேசிய முதல் குரல் அது. "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பத்து நாள் மூடியிருந்த தொண்டை, சத்தம் வரவில்லை. தலை ஆடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. அப்போதும் சொல்லவில்லை. அதுதான் தப்பு. தலை ஆடியது தப்பில்லை.

அந்த மூன்று வருஷத்தில் யாரும் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அம்மியால் முடியாது. நதீம், "அல்லாஹ் உனக்குக் கூலி கொடுப்பான்" என்று போனை வைப்பான். உங்கள் கை சூடாக இருந்தது. வேறு யாருக்கோ வந்த சாமானை நான் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டதாக நீங்கள் எழுதிய கடிதம் வந்த பிறகு என்னால் முடியவில்லை. நான் கொடுக்காத ஒன்றை நம்பி நீங்கள் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பதினான்காம் தேதி நான் வந்தேன். நேரில் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். முகாமில் சுடிதாரில் பார்த்தீர்கள், வெளியே நான் புர்கா. காலில் வேறு செருப்பு. தெரியாமல் போட்டு வந்தேன் என்று சொல்ல மாட்டேன். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நீங்கள் நின்றிருந்தீர்கள். இறங்கி வருகிற ஒவ்வொருவருடைய காலையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் காலையும் பார்த்தீர்கள். அடுத்தவர் காலுக்குப் போய்விட்டீர்கள். நான் உங்களைத் தாண்டி நடந்து, தெருவுக்கு வந்து, பஸ் பிடித்தேன்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. மன்னிப்பு என்று எழுதினால் அதையும் கேட்டு வாங்குகிறவளாகிவிடுவேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஜுவேரியா


சிந்தாதிரிப்பேட்டை,
30 அக்டோபர் 2024

அன்புள்ள அனுப்ரியா அவர்களுக்கு,

சலாம். நலம் விசாரிக்க மட்டும் எழுதுகிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். தினமும் மாலை படியேறும்போது கதவிடுக்கைப் பார்க்கிறேன்.

உங்கள் அப்பா பேசினாரா?

ஜுவேரியா


சிந்தாதிரிப்பேட்டை,
14 நவம்பர் 2024

அன்புள்ள அனு,

சலாம். நீ நலம் என்று இப்போது தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் வெயில் அடித்தது. மொட்டைமாடியில் துணி போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் ஈக்காட்டுத்தாங்கலில் வானம் இருண்டு கொட்டியது. போச்சு என்று விட்டுவிட்டேன். ஏழு மணிக்குப் படியேறி வருகிறேன். என் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் என் துணிகள். மடித்து. சாரல் படாமல் மேலே ஒரு பழைய செய்தித்தாள்.

நாற்காலியைத் தொடாமல் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எழுத்து எதுவும் இல்லாத இந்தப் பதில் எனக்கு உறைத்தது. வீட்டைக் கண்டுபிடித்து, மழையில், மாடி ஏறி வந்திருக்கிறாய். கதவைத் தட்டாமல் போனதும் சரிதான். நீயும் நானும் அறிமுகமான விதம் அது.

நன்றி, அனு. இதை நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ அன்று சொன்னாயே, அப்படி.

உன்,
ஜுவேரியா


மயிலாப்பூர்,
20 நவம்பர் 2024

ஜுவேரியா அக்கா,

நலம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்றே எழுதிவிட வேண்டும். நாளை என்றால் எழுத மாட்டேன்.

அது நான் இல்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை நான் வந்திருந்தேன். லீவு போட்டுவிட்டு. ஒரு மாதமாக உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு அந்த வேறு ஆள் யார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். முகாம் ஆபீஸுக்கும் எழுதிக் கேட்டேன். தெரியாது என்று ஒரு வரியில் பதில். வெள்ளைச் செருப்பா, தங்க பக்கிளா? யாராக இருந்தாலும் அவரிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஒரு நாள் தெரிந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் உங்களுக்கு எழுதித் தீர்த்துவிட்டேன். அதனால் வந்தேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி விலாசம் கேட்டு உங்கள் தெருமுனைவரை வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினேன். டீக்கடைக்காரர், "யாரு வேணும்மா?" என்றார்.

"யாரும் இல்ல."

"மழைல நனைஞ்சிக்கினு யாருமில்லாத வூட்டுக்கா வந்த? டீ குடி, அப்பால தேடலாம்."

குடிக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து உங்கள் வீடு தெரிந்தது. கீழே மோட்டார் கடை, மேலே மொட்டைமாடி, கொடியில் துணி. ஒரு பச்சைத் துப்பட்டா கைப்பிடிச் சுவருக்கு வெளியே பறந்துகொண்டிருந்தது. நனைகிறதே என்று தோன்றியது. கீழேதான் ஆள் இருக்கிறார்களே, யாராவது எடுப்பார்கள் என்றும் தோன்றியது. உங்கள் வீட்டு வாசலில் நின்று என்னவென்று கூப்பிடுவது? டம்ளரை வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான், இப்போது என்ன செய்துவிட்டு வருகிறேன் என்று உறைத்தது. லைட் ஹவுஸ் ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றேன். திரும்பி வரும் ரயில் வந்தது. ஏறவில்லை.

அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன். வாங்கியிருந்தால் உங்களுக்கும் சந்தோஷம்தான். பேனாவை எடுத்ததும் உங்கள் தலை ஆடியது நினைவுக்கு வந்தது.

கையெழுத்தைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். திரும்ப வாங்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க சாவி எங்கே என்ற குரல்தான் கேட்டது. வாங்கவில்லை.

அப்பா பேசினார். தீபாவளி முடிந்த மறுநாள். "கடைல கூட்டம் ஓஞ்சிட்டு. வீட்டுக்கு வாட்டி, உங்க அம்ம மூஞ்சியத் தூக்கிட்டுதான் இருப்பா, நீ பாட்டுக்கு இரு" என்றார். போய்விட்டு வந்தேன். அம்மா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். மீன்குழம்பு வைத்திருந்தாள்.

உங்கள் துணியை எடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்காவது தெரியட்டும்.

அனு


சிந்தாதிரிப்பேட்டை,
26 நவம்பர் 2024

அன்புள்ள அனு,

சலாம். சளி பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. மழையில் நின்றாயே, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

உன் கடிதத்தைப் படித்து முடித்து, அப்படியே கீழே இறங்கிப் போனேன். ஷாஹுல் பாய் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காயில் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசியது இது. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"பாய், அன்னிக்கு மழைல மாடில துணி..."

"ஆமா, நாந்தான் எடுத்து வெச்சேன். இன்னா, ஏதாச்சும் காணாம பூட்ச்சா?"

"இல்ல. மடிச்சு வெச்சிருந்துது."

"ஈரத்த சுருட்டி வெச்சா நாறிடும். அதான். இப்போ இன்னா அதுக்கு?"

"ஒண்ணுமில்ல பாய். தேங்க்ஸ்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இதுக்கா எறங்கி வந்த? நீ மறுபடியும் வார்னிஷு வாடைக்கு சண்ட போட வந்துகினு கீறேன்னு நெனச்சி பயந்துட்டேன்" என்றார். பிறகு, "உங்க அம்மா போனப்ப நான் ஊர்ல இல்ல. வந்து துக்கம் கேக்கணும்னு இருந்தேன். கேக்கல. போய் வேலையப் பாரு" என்று மறுபடி காயிலுக்குக் குனிந்துகொண்டார். நான் மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிப்ரவரியில் அழாதது.

நீ தெருமுனையில் டீ குடித்ததை டீக்கடைக்காரரிடமும் கேட்டேன். "ஆமா, ஒரு பொண்ணு வந்துச்சு. டீய பாதி உட்டுட்டு போய்டுச்சு" என்றார். மீதி டீ உனக்கு இருக்கிறது.

டிசம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. இந்த முறை நீ இங்கே வா. சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன், படிக்கட்டுக்குக் கீழே. காலாவும் வருவார், ஊமைக் கூட்டத்தில் இன்னொருத்தியைப் பார்க்க வேண்டுமாம். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அம்மியின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன், உட்கார நன்றாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பச்சை நூல் போன வாரம் அறுந்துவிட்டது. மறுபடி தைக்கவில்லை, செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன். புதியது கறுப்பு. சென்னையில் பாதிப் பேர் காலில் இருக்கிற கறுப்பு. அதை வைத்து உன்னால் கண்டுபிடிக்க முடியாது.

நீ படியில் இறங்கும்போது கீழே பார்க்காதே. நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். சத்தமாக.

உன்,
ஜுவேரியா அக்கா